உம்மு நிதாலின் நல்ல காது

இந்தப் பக்கம் வந்து உக்காரு புள்ள. எனக்கு வலது பக்கமா வா. இடது காது செத்துப்போயி எத்தனையோ வருஷமாச்சு, அதுல நீ எவ்வளவு கத்தினாலும் ஒண்ணும் இறங்காது. ஆங், இங்கதான். சுவத்துல சாஞ்சுக்க. கையில என்ன, மாவுக்கட்டா? படிக்கட்டுல விழுந்துட்டியா? நம்ம துல்கர்ம் ஊருப் படிக்கட்டுங்களே அப்படித்தான், ஒரு படி உசரம், ஒரு படி பள்ளம், எவன் கட்டினானோ. என் மருமக கூட படிக்கட்டுல விழுந்தவதான்.

தீர்ப்பு சொல்ற காஜி இன்னும் வரலையாம். ரோட்டுல பட்டாளத்துக்காரன் கேட்டைச் சாத்திட்டானாம். காஜியா இருந்தாலும் தக்காளி ஏத்தின வண்டியா இருந்தாலும் அவன் தொறக்கும்போதுதான் வரணும். அதனால நாம இங்க உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்கோம். இந்தக் கோர்ட்டுக் கட்டடமே இப்படித்தான். கல்யாணம் எழுதவும் இங்கதான் வரணும், அறுத்துவிடவும் இங்கதான் வரணும். அந்தா பாரு, ஒரு சோடி இனிப்பு டப்பாவோட வந்திருக்கு. அந்தப் பொண்ணு சிரிக்கிற சிரிப்பப் பாரு. சிரிக்கட்டும், சிரிக்கட்டும்.

நான் எதுக்கு வந்தேன்னா, சாட்சி சொல்ல. யாருக்காகன்னு கேளு. மருமகளுக்காக. பெத்த மகனுக்கு எதிரா. முகத்த ஏன் திருப்பிக்கிற? கேக்குறதுக்கே உனக்கு ஒரு மாதிரி இருக்குல்ல? மருமக பேரு அபீர். 'இவன் என்னை அடிக்கிறான், என்னைப் பிரிச்சுவிடுங்க'ன்னு கேசு போட்டிருக்கா. ஆஸ்பத்திரிக் காகிதத்துல படிக்கட்டுல விழுந்த அடின்னு இருக்கு. அக்கம்பக்கத்துல எவளும் வாயத் தொறக்க மாட்டேங்குறா. மிச்சம் இருக்குறது நான் ஒருத்திதான். நான் ஒரு வார்த்தை சொன்னா அவ விடுதலையாயி மகளையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவா. சொல்லலேன்னா கேசு நிக்காது, 'சொல்லாம கொள்ளாம வீட்ட விட்டுப் போனவ'ன்னு ஆகி, திரும்ப அவன் வீட்டுக்கே வரணும். என் தலைக்கு மேல.

என் தலைக்கு மேலன்னா நெசமாவே தலைக்கு மேலதான். எங்க வீடு அப்படி. கீழ நான். எனக்கு மேல என் மூத்தவன் நிதால். அதுக்கு மேல சின்னவனுக்காகக் கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது. என் கூரைதான் நிதாலுக்குத் தரை. அவங்க நாற்காலிய இழுத்தா எனக்கு அந்த நாற்காலிக்கு எந்தக் காலு ஆட்டம்னு சொல்லத் தெரியும். அதனாலதான் அபீரோட வக்கீலம்மா என்னைப் புடிச்சா.

சரி, நான் என் மகனுக்காகவே பேசிட்டுப் போறேன், தங்கமான பிள்ளைன்னு சொல்லிட்டுப் போறேன்னு கேட்டேன். அது எடுபடாதாம். தாய் மகனுக்கு சாதகமா சொல்ற சாட்சிய காஜி எடுத்துக்க மாட்டாராம். எதிரா சொன்னா மட்டும் எடுத்துக்குவாராம். இது என்ன நியாயம்னு எனக்குப் புரியல. பத்து மாசம் சுமந்தவ பொய்தான் சொல்லுவான்னு எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க எந்தப் பெரிய மனுசங்களோ.

அந்த ஜன்னலோரம் நீலச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறான் பாரு, அவன்தான். நல்லாப் பாரு, பாக்க ராசா மாதிரி இருப்பான். சட்டை புதுசு. சென்ட் வாடை இங்க வரைக்கும் அடிக்குது, உனக்கு வரல? எனக்கு அந்த வாடையே ஆகாது. அவன் வாப்பாவும் அப்படித்தான். கை நீட்டின மறுநாள் குளிச்சு, தாடிய ஒதுக்கி, சென்ட் பூசிக்கிட்டு வந்து உக்காருவாரு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. நல்ல மனுசன்தான், இப்ப இல்ல, அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். கைதான் கொஞ்சம் கனம். இந்தக் காது அவரு கைதான். ஒரே ஒரு அடி. அதுக்கப்புறம் உள்ள ஒரு வண்டு மாதிரி ரீங்காரம், ஒரு வருஷம் போல, பெறகு அதுவும் நின்னுபோச்சு. நான் எந்த வக்கீலத் தேடிப் போனேன்? எனக்கென்ன கோர்ட்டு தெரியாதா? இதே கட்டடம்தான் அப்பவும் இருந்துச்சு.

நிதால் கெட்டவன் இல்ல புள்ள. பட்டாளத்துக்காரன் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் தரைக்கல்லு ஒட்டுற வேலைக்குப் போயிக்கிட்டிருந்தான். விடியாமலே போயி, மாடு மாதிரி வரிசையில நின்னு, கம்பிக் கதவு தாண்டிப் போயி வேலை செஞ்சு வருவான். அப்புறம் அந்தப் பக்கம் போற பெர்மிட்ட ரத்து பண்ணிட்டாங்க. காரணம் கெடையாது, கேக்க ஆளும் கெடையாது. பகலெல்லாம் வீட்டுலயே உக்காந்துட்டான். அப்படி உக்காந்தா எந்த ஆம்பளைக்குத்தான் ரத்தம் கொதிக்காது? சின்னவனுக்கும் பெர்மிட்டு போச்சுதான். அதே வரிசையிலதான் அவனும் நின்னான். அவன் இப்ப ரொட்டிக் கடையில நிக்கிறான், சாயங்காலம் பூனைக்கு மீன் தலை வாங்கிட்டு வரான். அவன் சுபாவம் வேற. எல்லாரும் ஒரே மாதிரி இருப்பாங்களா?

மத்தியானம் நான் கொஞ்சம் படுப்பேன். லுஹர் தொழுதுட்டுப் படுத்தா அசருக்கு எந்திரிப்பேன். அந்த நேரம் பாத்துத்தான் மேல சத்தம் வரும். முதல்ல நாற்காலி, அப்புறம் பாத்திரம், அப்புறம் வேற. எனக்கு அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. அல்லாஹ் எதையும் காரணம் இல்லாமக் குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்கல்ல, அதுக்கு என் காதே சாட்சி. நல்ல காதைத் தலகாணில அமுக்கிப் படுத்துட்டா போதும், செத்த காதுதான் மேல இருக்கும். உலகமே பஞ்சு. குண்டு போட்டாலும் கேக்காது.

பேத்தி தீமா இருக்காளே, குட்டி, சத்தம் ஆரம்பிச்சதும் கீழ என்கிட்ட ஓடி வந்துருவா. என் பக்கத்துல படுத்துக்குவா. அவளுக்கு ரெண்டு காதும் நல்ல காது, என்ன செய்ய? நான் ரெண்டு கையாலயும் அவ காதைப் பொத்திக்குவேன். அப்படியே ரெண்டு பேரும் படுத்திருப்போம். நான் ஒண்ணுமே செய்யலன்னு பேசுறாங்களே, அந்தப் பிள்ளை காதைப் பொத்தினது யாரு? எவளாவது வந்து பொத்தினாளா?

மொத தடவை அபீர் உதடு கிழிஞ்சு போயி பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவ வாப்பா வீட்டுக்குப் போயிட்டா. முறையாத்தான் போனா, அதுல எனக்குக் குறை இல்ல. கோவிச்சுக்கிட்டுப் போற பொண்ணு வாப்பா வீட்டுக்குத்தான் போகணும். நாங்களும் முறையாப் போனோம். ஜாஹா கூட்டிக்கிட்டுப் போனோம். நீ பொறந்தது எந்தப் பக்கம்? பெத்லஹேமா? அங்க எப்படின்னு தெரியல, எங்க பக்கம் ஒழுங்கு என்னன்னா, பெரியவங்களா சேந்து பொண்ணு வீட்டுக்குப் போவாங்க. முன்னாடி கசப்புக் காப்பி வைப்பாங்க. எவனும் தொட மாட்டான். கப்பைக் கீழ வெச்சுட்டு, 'நாங்க ஒரு காரியமா வந்திருக்கோம், அது நடந்தாத்தான் இந்தக் காப்பி'ன்னு பெரியவர் சொல்லுவாரு. வீட்டுக்காரர் 'குடிங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா முடிஞ்சுது. கேட்டதக் குடுத்துட்டேன்னு அர்த்தம். அதுக்கு மேல பேச்சு கெடையாது. காப்பியக் குடிக்காம வெச்சுட்டு விருந்தாளி எந்திரிச்சுப் போனா அந்த வீட்டுக்கு அதவிட அசிங்கம் வேற இல்ல.

எங்க பக்கம் ஹாஜி அபூ ஸுபுஹிதான் பேசுவாரு. என் வீட்டுக்காரரோட பெரியப்பா மகன். அவரு தொண்டையக் கனைச்சாரு, கப்பைக் கீழ வெச்சாரு. அபீரோட வாப்பா அவ உதட்டப் பாத்தாரு, அபூ ஸுபுஹி தலைப்பாவப் பாத்தாரு, 'குடிங்க'ன்னாரு. கூட்டிட்டு வந்துட்டோம்.

ரெண்டாவது தடவை விலா எலும்பு. அதான் சொன்னேனே, படிக்கட்டு. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். எப்படி அடிபட்டுச்சுன்னு டாக்டர் கேட்டாரு. அவ என்னைப் பாத்தா. நான் 'படிக்கட்டு'ன்னேன். நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா, அவளுக்கு மூச்சு விடவே முடியல பாவம். அங்கேருந்து நேரா வாப்பா வீட்டுக்குப் போயிட்டா. திரும்பவும் ஜாஹா. இந்தத் தடவை அவளே காப்பி காய்ச்சினா. விலாவப் புடிச்சுக்கிட்டு அடுப்பு முன்னாடி நின்னா, தட்டத் தூக்க முடியலன்னு அவ உம்மா தூக்கிட்டு வந்துச்சு. ஏலக்காய் போட்ட காப்பி, சும்மா சொல்லக் கூடாது, வாசம் தெரு வரைக்கும் வந்துச்சு. 'குடிங்க'ன்னாரு வாப்பா. அவ காய்ச்சின காப்பியவே குடிச்சுட்டு அவளையே கூட்டிக்கிட்டு வந்தோம். மருவாதியா நடந்துச்சு எல்லாம்.

மூணாவது தடவைதான் அவ கேடு பண்ணினா. வாப்பா வீட்டுக்குப் போகல. பிள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு, வாடகைக் கார்ல ஏறி, இந்தப் பொம்பளைங்களுக்கு சும்மா கேசு நடத்துறாங்களே ஒரு ஆபீசு, சட்ட உதவின்னு போர்டு போட்டிருக்கும், அங்க போயிட்டா. அங்கேருந்து போலீசு. போலீசுலயும் இதுக்குன்னே தனி ரூமாம், பொம்பளை போலீசாம். அங்கேருந்து ஒரு வீடு. எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாத வீடு. வாசல்ல பேரு கெடையாது, ஒண்ணும் கெடையாது. கேட்டதுமே எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. சொந்தம் இல்ல பந்தம் இல்ல, அந்நியப் பொம்பளைங்களோட ஒரே கூரைக்குக் கீழ. அங்க அவள யாரும் அடிக்கலையாம், அதச் சொல்லி சந்தோசப்படுறாங்க.

இப்ப ஜாஹாவ எங்க கூட்டிக்கிட்டுப் போறது? சொல்லு. அவ வாப்பாகிட்டப் போனா, 'அவ என் வீட்டுக்கு வரல, நான் யாரத் திருப்பிக் குடுக்க'ன்னுட்டாரு. அவரு அதச் சொன்னப்ப அவரு முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுச்சு, எனக்கு அந்த ஆள அறையணும் போல இருந்துச்சு. பெரியவங்க எங்க வீட்டுல கூடிப் பேசினாங்க. அப்ப அபூ ஸுபுஹி சொல்றாரு, பொண்ணு எந்த வாசலுக்குள்ள போச்சோ அந்த வாசலுக்குத்தான் ஜாஹா போகணும்னு. அதாவது வக்கீல் ஆபீசுக்கு.

சிரிக்காத புள்ள. அன்னைக்கு எங்களுக்கு அது சிரிப்பா இல்ல. ஒரு பெரிய வேன் நிறைய ஆம்பளைங்க, அத்தனை பேரும் கோட்டு, சால்வை, தஸ்பீஹ் மணி. பொம்பளைங்க ஆபீசுக்குள்ள ஆம்பளைங்களா போயி நின்னா நல்லா இருக்காதுன்னு என்னையும் இழுத்துட்டுப் போனாங்க. மூணு மாடி, லிப்டு வேலை செய்யல. அபூ ஸுபுஹிக்கு சக்கரை வியாதி, ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு ஏறினாரு. மேல போனா வராந்தா முழுக்கப் பொம்பளைங்க. உன்ன மாதிரி வயசுப் பொண்ணுங்க. எங்களப் பாத்ததும் ரெண்டு மூணு பேரு சுவத்தோட ஒட்டிக்கிச்சுங்க, ஒருத்தி பிள்ளையத் தூக்கிக்கிட்டு பாத்ரூமுக்குள்ள ஓடிட்டா. என்ன வளர்ப்போ. நாங்க என்ன புலியா?

அந்த வக்கீல் பேரு ருலா, உஸ்தாதான்னு மருவாதியாக் கூப்பிடுறாங்க. நான் என்னமோ உசரமா, லிப்ஸ்டிக்கு கிப்ஸ்டிக்கோட இருப்பான்னு நெனச்சேன். குள்ளம். நரைச்ச முடி, ஸ்வெட்டர்ல முழங்கைகிட்ட நூலு பிரிஞ்சு தொங்குது. எல்லாருக்கும் நாற்காலி தேடிக் குடுத்தா, பத்தாததுக்கு பக்கத்து பல் டாக்டர்கிட்ட இரவல் வாங்கினா. காப்பி வந்துச்சு. பேப்பர் கப்புல. அபூ ஸுபுஹி அந்தக் கப்பப் பாத்த பார்வை இருக்கே, செத்த எலிய வாலப் புடிச்சுத் தூக்கின மாதிரி ரெண்டு விரலால புடிச்சு மேசையில வெச்சாரு. எல்லாரும் வெச்சாங்க. அவரு ஆரம்பிச்சாரு. குடும்பம், கௌரவம், பிள்ளையோட எதிர்காலம், எல்லாம் அழகாச் சொல்லி, 'எங்க மருமகளத் திருப்பிக் குடுத்தாத்தான் இந்தக் காப்பி'ன்னாரு.

அவ என்ன சொல்லணும்? ஒண்ணு குடிங்கன்னு சொல்லணும், இல்ல முடியாதுன்னு சொல்லிக் கெட்ட பேரு வாங்கிக்கணும். அவ என்ன சொன்னா தெரியுமா? 'ஹாஜி, அபீர் என் மக இல்ல. குடிங்கன்னு சொல்ற உரிமை அவ ஒருத்திக்குத்தான் இருக்கு, அவ இங்க இல்ல. ஆறிப்போனா வேற காய்ச்சித் தரச் சொல்றேன். எவ்வளவு நேரம் வேணாலும் இருங்க.' சொல்லிட்டு அவ கப்ப எடுத்து அவ குடிச்சா.

எந்திரிச்சா அசிங்கம். உக்காந்தாலும் அசிங்கம். உக்காந்தோம். போன் அடிக்குது, அவ பேசுறா, கதவு தொறக்குது, மூடுது, எங்க முன்னாடி வரிசையா பேப்பர் கப்பு. லுஹர் பாங்கு சொல்லிட்டாங்க. அப்பதான் அபூ ஸுபுஹி மாத்திரை சாப்புடுற நேரம். பையில இருந்து மாத்திரைய எடுத்தாரு, நாக்குல போட்டாரு, கை பாட்டுக்குப் போயி கப்ப எடுத்துச்சு. ஒரே மடக்கு. கீழ வெச்ச பெறகுதான் அந்த மனுசனுக்கே தெரிஞ்சுச்சு என்ன பண்ணிட்டோம்னு. குடிச்சா கேட்டது கெடைச்சுது, பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். எங்களுக்கு என்ன கெடைச்சுது? அத்தனை பேரும் அவரப் பாத்தோம். அந்த வக்கீல் சிரிக்கல, அதயும் சொல்லணும். எந்திரிச்சு நின்னு, 'உடம்புக்கு நல்லதா இருக்கட்டும் ஹாஜி'ன்னு சொல்லி வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினா. அபூ ஸுபுஹி இன்னும் பள்ளிவாசலுக்குப் பின் வாசல் வழியாத்தான் போறாராம்.

ஆளுங்களப் பாத்தா எனக்கு அருவருப்பா இருக்கு புள்ள. ஒரு மாத்திரையில முடிஞ்சுபோச்சு இவங்க கௌரவம்.

அதோட விட்டாளா அவ? ஒரு நாள் சாயங்காலம் நடந்தே எங்க வீட்டுக்கு வந்துட்டா. தனியா. நிதால் வெளிய போயிருந்தான். வாசல்ல நிக்கிறவள என்ன செய்ய, யாரா இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான், உக்காரச் சொன்னேன். காப்பி காய்ச்சினேன். பேப்பர் கப்பு இல்ல, பீங்கான் கப்பு, எங்க உம்மா வீட்டுச் சீரு. அவ அத வாங்கி, எனக்கு முன்னாடி மேசையில வெச்சா. வெச்சுட்டு, கைய மடியில கட்டிக்கிட்டா.

எனக்கு சுரீர்னு ஆச்சு. ஒத்தப் பொம்பளை, நூலு பிரிஞ்ச ஸ்வெட்டரு, இவ ஜாஹாவாம். எங்க வழக்கத்தையே எடுத்து எனக்கு முன்னாடி வெக்கிறா. 'உம்மு நிதால், அபீருக்காக நீங்க பேச வேண்டாம்'ங்கிறா. 'நிதாலத் திட்டவும் வேண்டாம். காஜி உங்களக் கேப்பாரு, அபீர் வீட்ட விட்டுப் போன அன்னைக்கு மத்தியானம் என்ன கேட்டீங்கன்னு. கேட்டத மட்டும் சொல்லுங்க. இவ்வளவுதான் நான் கேக்க வந்தது.'

எனக்கு ஒரு காதுதாம்மான்னேன். 'ஒண்ணு போதும்'னா.

காப்பியில ஆவி அடங்கிருச்சு. சரி, குடிக்காமப் போகட்டும், எனக்கென்னன்னு நெனச்சேன். அந்த நேரம் பாத்தா சல்லடை திருப்பிக் குடுக்க பக்கத்து வீட்டு உம்மு ஜமீல் வந்து நிக்கணும்? வந்தவ கப்பப் பாத்தா. அந்தம்மா கையப் பாத்தா. என்னைப் பாத்தா. அவ நாக்கு உனக்குத் தெரியாது, ராத்திரிக்குள்ள ஊரு முழுக்கப் போயிரும், உம்மு நிதால் வீட்டுல விருந்தாளி காப்பிய வெச்சுட்டுப் போனாங்கன்னு. நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அப்படி ஒரு கப்பு என் மேசையில நின்னதில்ல. அடி வாங்கின அன்னைக்குக் கூட காப்பி காய்ச்சி நானே ஊத்தியிருக்கேன்.

'குடி'ன்னேன். காப்பியத்தான் சொன்னேன். வேற ஒண்ணையும் நெனச்சு சொல்லல. அவ மண்டி வரைக்கும் குடிச்சா. கப்பைக் கவுத்து வெச்சுட்டு, 'உங்க கைக்கு சுகம் கெடைக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டா. உம்மு ஜமீல் பாத்துக்கிட்டு நிக்கிறா.

அன்னைக்கு என்ன கேட்டேன்னு நீயும்தான் பாக்குற. எல்லாருக்கும் அதான் வேணும். படுத்திருந்தேன்னா கதையே வேற. ஒண்ணும் கேக்கலன்னு குர்ஆன் மேல கை வெச்சுச் சொல்லிருப்பேன், அது சத்தியமாவும் இருந்திருக்கும். ஆனா அன்னைக்குன்னு பாத்து ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். முழங்கை வரைக்கும் மாவு. தீமா என் காலுகிட்ட உக்காந்திருக்கா. மேல ஆரம்பிச்சுது. மாவுக் கையோட யாரு காதைப் பொத்துறது? பிள்ளை காதையா, என் காதையா? ரெண்டையும் பொத்தல. பிள்ளை நிமிந்து என்னைப் பாக்குது. நான் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன், மாவு ரப்பரு மாதிரி ஆகுற வரைக்கும் பிசைஞ்சேன்.

அவ கூப்பிட்டா. அதான் எனக்குப் பொறுக்கல. அல்லாஹ்வக் கூப்பிடலாம். உம்மாவக் கூப்பிடலாம். தெருவுல ஆம்பளைங்க இல்லையா, நிதாலோட சித்தப்பா எதிர் வீட்டுலதான இருக்காரு, அவரக் கூப்பிடலாம். 'மாமி'ன்னு கூப்பிடுறா. ஒரு தடவை இல்ல. மாமி, மாமின்னு, நான் கீழதான் இருக்கேன்னு தெரிஞ்சு கூப்பிடுறா. எதுக்கு என்னைக் கூப்பிடணும்? நான் என்ன செய்வேன், கெழவி? என் காலத்துல நான் யாரையாவது கூப்பிட்டேனா? என் மாமியாரும் கீழதான் இருந்தாங்க. நான் கூப்பிடல. அவங்களும் வரல. இந்தக் காது போன மறுநாள் வெந்நீர் வெச்சு, ஒரு துணியும் மடிச்சுக் குடுத்தாங்க, ஒத்த வார்த்தை கேக்காம. அது மருவாதி. எங்களுக்குள்ள சாகுற வரைக்கும் ஒரு பேச்சு கெடையாது அதப் பத்தி.

அப்புறம் அவ கீழ இறங்கி வந்தா. என் வாசல்ல நின்னா. முகத்தப் பாத்து அடையாளம் தெரியல. நான் மாவுப் பாத்திரத்தோட நிக்கிறேன். என்கிட்ட ஒண்ணும் கேக்கல, திட்டல, தீமாவோட கையப் புடிச்சா. 'கதவச் சாத்திட்டுப் போ, மாவு காஞ்சிரும்'னேன். சாத்திட்டுத்தான் போனா. மெதுவா, சத்தம் வராம சாத்தினா.

அந்த மாவ நான் சுடல. கோழிக்குப் போட்டுட்டேன். இப்ப மத்தியானம் படுத்தா மேல ஒரு சத்தமும் இல்ல. ஆனா அதுக்கப்புறம் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் மாமின்னு கேக்குது. செத்த காதுலயும் கேக்குது. டாக்டர்கிட்டக் காட்டலாம்னு இருக்கேன்.

இரு, காஜி வந்துட்டாரு போல. எல்லாரும் எந்திரிக்கிறாங்க. அந்தா வர்றா பாரு உஸ்தாதா, அதே ஸ்வெட்டரு. அவ பின்னாடி வர்றது அபீர்தான். எளைச்சுட்டா. இல்ல, எளைக்கல, நிமிந்து நடக்குறா, அதான் வித்தியாசமாத் தெரியுது. தீமாவ எங்க விட்டுட்டு வந்தாளோ. என்ன, உஸ்தாதா உன்னப் பாத்துத் தலைய ஆட்டுறா? உனக்கும் அவளத் தெரியுமா? நீயும் அவளுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கியா?

ஓ. அப்ப உன் படிக்கட்டும் அந்தப் படிக்கட்டுதானா.

கூப்பிட்டானா? 'சாட்சி ஃபத்ஹியா'ன்னுதான? நிதாலுக்கு உம்மா ஆகுறதுக்கு முன்னாடி அதான் என் பேரு. கேட்டுச்சு, கேட்டுச்சு, நீ இடிக்க வேண்டாம். அந்தத் தடியக் கொஞ்சம் எடு. நிதால் வர்றான் பாரு கை குடுக்க. வேண்டாம்பா, நீ தள்ளி நில்லு, அந்த வாடை எனக்கு ஓங்கரிக்குது. நானே நடந்துக்குவேன்.

என்ன சொல்லப் போறேன்னு பாக்குறியா? அவ மேல பாசத்துல நான் போகல, அத நல்லாத் தெரிஞ்சுக்க. அந்த வக்கீலும் என் கண்ணுல முழிக்கக் கூடாது இனிமே. ஆனா என் வாயால குடின்னு சொல்லிட்டேன். மண்டி வரைக்கும் குடிச்சுட்டா. இனி கேட்டது கேட்டதுதான், என்ன செய்ய.

ஒண்ணு மட்டும் சொல்லு புள்ள, போறதுக்குள்ள. உன் மாமியாரு எந்த மாடியில இருக்கா?